காந்தம் ஒட்டாத சிலிண்டர்

என் பெரியப்பாவைத் தேடி வருகிறவர்கள் வீட்டுக்கு வருவதில்லை. நேரே பட்டறைக்குத்தான் போவார்கள். கடைவீதியின் கடைசியில், டயர் கடைக்கும் உதிரிபாகக் கடைக்கும் நடுவே அது இருக்கிறது. உள்ளே இன்ஜின் பாகம் சீவுகிற ஒரு போரிங் மெஷின், கடைசல் பிடிக்க ஒரு லேத், ஒரு ஸ்டூல். ஸ்டூல் வருகிறவர்களுக்கு. அவர் அதில் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை.

மோட்டார் சைக்கிள் இன்ஜினுக்குள் பிஸ்டன் ஏறி இறங்குகிற குழாய்தான் சிலிண்டர். வண்டி ஓட ஓட அதன் உட்சுவர் தேயும், கோடு விழும். அதை மெஷினில் மாட்டி, உட்சுவரை மெல்லச் சீவி, சற்றே பெரிய பிஸ்டனைப் போட்டால் வண்டி பழையபடி இழுக்கும். இதை ரீபோர் என்பார்கள். பெரியப்பா அதை மட்டும்தான் செய்வார். செயின் கழன்றது என்று யாராவது வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தால், "அதுக்கு வேற ஆள் இருக்கான், இங்க உள்வேலை மட்டும்தான்" என்று திருப்பிவிடுவார்.

அவருடைய சுண்டுவிரல் நகம் மட்டும் எப்போதும் கொஞ்சம் நீளமாக இருக்கும். சிலிண்டர் கைக்கு வந்ததும் அந்த நகத்தை உள்ளே விட்டு மேலிருந்து கீழே இழுப்பார். நகம் எங்காவது தட்டினால் முகம் மாறிவிடும். அப்புறம்தான் கேஜ் என்கிற அளவுக் கருவி எல்லாம். அவருக்கு ஒரு வழக்கமும் உண்டு. பட்டறைக்குள் வந்த சிலிண்டர் வேலை செய்யப்படாமல் வெளியே போகாது. வெறும் வாய்ச்சொல்லோடு ஒருவரை அனுப்புவதை அவர் ஒரு குறையாகவே நினைத்தார். "சாப்பிட வந்தவனுக்கு இலையைக் காட்டிட்டு அனுப்புற மாதிரி" என்பார்.

பக்கத்து உதிரிபாகக் கடைக்காரர் அவருடைய கூட்டாளி. அவருக்கு வாஷர் என்று பெயர் வைத்ததும் பெரியப்பாதான். நட்டுக்கும் போல்ட்டுக்கும் நடுவே போடுகிற வளையம் மாதிரி, எந்த இரண்டு பேர் பேசினாலும் நடுவில் வந்து உட்கார்ந்துகொள்வாராம். வாஷரும் அதை மறுத்ததில்லை. "நான் இல்லன்னா நீங்கல்லாம் ஒருத்தரை ஒருத்தர் உரசியே தேய்ஞ்சிருப்பீங்க" என்பார்.

பட்டறையில் இப்படி வாயாடுகிற மனிதர் வீட்டில் அதிகம் பேசமாட்டார். அக்காவின் கல்யாணத்துக்குப் பிறகு அதுவும் குறைந்துபோனது.

அக்கா என்றால் பெரியப்பாவின் ஒரே மகள். அவள் கட்டிக்கொண்டவர் பக்கத்து ஊரில் ஒரு வண்டி சர்வீஸ் கடையில் மெக்கானிக். ஞாயிற்றுக்கிழமைகளில் டர்ட் பைக் ஓட்டுவார். மேடும் பள்ளமுமாக வெட்டிய மண்தடத்தில் பறந்து பறந்து ஓட்டுகிற பந்தயம் அது. அக்கா விஷயத்தைச் சொன்ன அன்று பெரியப்பா ஒரே ஒரு வாக்கியம்தான் சொன்னார்: "மண்ணுல விழுந்து எழுந்திருக்கிறவனுக்குப் பொண்ணு கொடுத்துட்டு, அவன் எழுந்திருப்பானான்னு நான் பார்த்துட்டு நிக்கணுமா?" கல்யாணம் அவர் இல்லாமலே நடந்தது. அன்று அவர் பட்டறையைத் திறந்து வைத்திருந்தார். மெஷின் ஓடிக்கொண்டிருந்தது, ஆனால் அதில் எந்த வேலையும் மாட்டியிருக்கவில்லை என்று வாஷர் பிற்பாடு சொன்னார்.

அதன் பிறகு அக்கா வீட்டுக்கு வருவதெல்லாம் பகலில், அவர் பட்டறையில் இருக்கும்போதுதான். பெரியம்மாவோடு பேசிவிட்டு, அவர் வருவதற்குள் பஸ் ஏறிவிடுவாள். பெரியப்பா வந்து கை கழுவப் போனால், தொட்டிப் பக்கத்தில் ஒரு டம்ளர் கூடுதலாகக் கழுவிக் கவிழ்த்திருக்கும். பார்ப்பார். கையைத் துடைத்துக்கொண்டு வந்துவிடுவார். ஒரு நாள் அப்படிக் கவிழ்ந்த டம்ளர் இல்லை. "இன்னிக்கு யாரும் வரலையா?" என்று கேட்டார். பெரியம்மா வேண்டுமென்றே, "யாரு வரணும்?" என்றார்.

இப்படி இருந்தபோதுதான் ஒரு காலையில் அக்கா நேராகப் பட்டறைக்கே வந்தாள். நானும் கூட இருந்தேன். தனியாகப் போகப் பயமாக இருக்கிறது என்று என்னைக் கையோடு இழுத்துக்கொண்டு போயிருந்தாள். அவள் கையில் பழைய துண்டில் சுற்றிய ஒரு பொருள். பெரியப்பா மெஷினை நிறுத்தவில்லை. வாஷர்தான் ஓடி வந்து, "அட வாம்மா வா" என்று ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

அவள் உட்காரவில்லை. துண்டைப் பிரித்து சிலிண்டரை மேசைமேல் வைத்தாள்.

"அவரு வண்டியோடதுப்பா. வர்ற ஞாயித்துக்கிழமை கடைசிப் பந்தயம். முதல் அஞ்சுல வந்தா ஒரு கம்பெனி டீம்ல எடுத்துக்குவாங்க. வயசு தாண்டுது, அடுத்த வருஷம் எடுக்கமாட்டாங்க. இது தேய்ஞ்சு போயிருக்கு. இந்த அளவு தேய்மானத்தோட ஓட்டலாமா கூடாதான்னு மட்டும் தெரியணுமாம். உங்க கேஜ் மாதிரி இங்க வேற எங்கயும் இல்லைன்னு அவருதான் அனுப்பினாரு. அளந்து மட்டும் சொல்லுங்கப்பா. வேற எதுவும் வேண்டாம்."

அவருதான் அனுப்பினாரு என்றபோது பெரியப்பாவின் கை மெஷின் சுவிட்சுக்குப் போனது. சத்தம் அடங்கியது. "வெச்சிட்டுப் போ. சாயங்காலம் சொல்றேன்" என்றார். அவ்வளவுதான். ஆனால் அவள் போன பிறகு வாசலுக்கு வந்து, பஸ் திரும்புகிற மூலைவரை பார்த்துக்கொண்டு நின்றார்.

சிலிண்டரை அளந்தார். மேலே, நடுவில், கீழே என்று திருப்பித் திருப்பி அளந்தார். தேய்மானம் இருந்தது, ஆனால் ஒரு பந்தயம் தாங்கும். வாஷரிடம் "ஓடும்" என்றே சொல்லிவிட்டார். அக்கா கேட்டுப்போன பதில் அவ்வளவுதான். அதை அப்படியே ஒரு போனில் சொல்லியிருந்தால் எழுத இங்கே கதையே இருந்திருக்காது.

சொல்வதற்கு முன் பழக்கதோஷத்தில் நகத்தை உள்ளே விட்டார். நகம் ஒரு கோட்டில் தட்டியது.

வாஷர் பிற்பாடு எங்களிடம் சொன்னதை வைத்துத்தான் மற்றதை எழுதுகிறேன். பெரியப்பா அந்தக் கோட்டை வெளிச்சத்தில் வெகுநேரம் பார்த்தாராம். பிறகு, இதை இப்படியே திருப்பி அனுப்பினால் மாமனார் கையில் கேஜ் மட்டும்தான் இருக்கிறது என்று அந்தப் பையன் நினைப்பான் என்றாராம். ஒரு சுற்று சீவிக் கொடுத்தால் புதிதுபோல ஆகிவிடும், கொஞ்சம் பெரிய பிஸ்டனைத் தானே வாங்கிக் கூடவே வைத்து அனுப்பலாம். வாஷர் தடுத்திருக்கிறார். "அளக்கச் சொன்னா அளந்துட்டு விடேன்யா. பொண்ணு அவ்ளோ தெளிவா சொல்லிட்டுப் போகுது." பெரியப்பா, "உனக்குப் பொண்ணு இருந்தா தெரியும்" என்று சொல்லிவிட்டு சிலிண்டரை மெஷினில் மாட்டிவிட்டார். வாஷருக்கு இரண்டும் பையன்கள்.

மெஷின் ஆரம்பத்திலேயே கீச்சிட்டது. வெட்டுகிற முனை மழுங்கியது. பெரியப்பா அதைக் கழற்றித் தீட்டிக்கொண்டு வந்து மறுபடி மாட்டினார். முரட்டு இரும்பு போல என்று நினைத்தாராம். தூக்கும்போது லேசாக இருந்ததையும் பந்தய வண்டி, அதுதான் லேசு என்று நினைத்துக்கொண்டார். சாதாரண வண்டிகளின் சிலிண்டருக்கு உள்ளே இரும்புச் சுவர் இருக்கும். சீவினால் கறுப்புத் தூளாக உதிரும். அவர் வாழ்நாளெல்லாம் பார்த்தது அந்தக் கறுப்புத் தூள்தான். இதிலும் முதலில் சாம்பல் நிறத்தில் ஏதோ பொடி வந்தது. அப்புறம் வெள்ளையாக, பளபளவென்று ஒரு சுருள் விழுந்தது.

மெஷினை நிறுத்தினார். மெஷினின் பக்கவாட்டில், பழைய ஸ்பீக்கரிலிருந்து எடுத்த வட்டமான காந்தம் ஒன்று எப்போதும் ஒட்டியிருக்கும், சாவிகளையும் அரத்தையும் பிடித்துக்கொள்ள. அதைப் பிடுங்கி சிலிண்டரின் உள்ளே வைத்தார். அது ஒட்டாமல் கீழே விழுந்தது. எடுத்துத் துடைத்து, மறுபடி வைத்தார். மறுபடி விழுந்தது.

அந்த சிலிண்டர் முழுக்க அலுமினியம். உட்சுவரில் மட்டும் மெல்லிய, மிகக் கடினமான ஒரு பூச்சு. பிஸ்டன் ஓடுவது அந்தப் பூச்சின் மேல்தான். அதைச் சீவிவிட்டால் மிஞ்சுவது மெத்தென்ற வெறும் அலுமினியம், பிஸ்டன் அதைக் கொஞ்ச நேரத்தில் பிய்த்துவிடும். மறுபடி பூச வேண்டுமானாலும் புதிது வாங்க வேண்டுமானாலும் எங்கோ தூர ஊரை நம்பி வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். இப்படி ஒரு வகை இருக்கிறது என்று பெரியப்பா கேள்விப்பட்டிருந்தார். கையில் வந்ததில்லை. காந்தத்தை முதலிலேயே ஒரு தடவை வைத்துப் பார்த்திருந்தால் போதும். அது கையெட்டும் தூரத்தில்தான் இருந்தது.

வாஷர் அன்று நடுவில் எதுவும் பேசாமல் எழுந்து தன் கடைக்குப் போய்விட்டார்.

பெரியப்பா கடையைப் பூட்டிவிட்டு நடந்தே வீட்டுக்கு வந்தார். பெரியம்மாவிடம் சொன்னார். பெரியம்மா திட்டவில்லை. "போன் பண்ணிச் சொல்லுங்க" என்றார். அவருடைய போனில் மகளின் நம்பர் இல்லை. பெரியம்மாதான் போட்டுக் கொடுத்தார்.

"அம்மா" என்றார். மகளை அவர் அப்படித்தான் கூப்பிடுவார். அந்தச் சொல்லை அந்த வீட்டில் நாங்கள் கேட்டு வெகுகாலம் ஆகியிருந்தது. "சீவிட்டேன்மா."

அக்கா அழுகையும் கோபமும் இல்லாத ஒரு குரலில், "அளக்கத்தானேப்பா சொன்னோம்" என்றாள்.

மறுநாள் அத்தான், அக்காவின் கணவரை நான் அப்படித்தான் கூப்பிடுவேன், முதல்முறையாக அந்தப் பட்டறைக்குள் வந்தார். அவர் வந்தால் என்ன சொல்வது என்று பெரியப்பா யோசித்து வைத்திருந்தது எல்லாம் அவர் செருப்பைக் கழற்றியதிலேயே மறந்துபோயிருக்க வேண்டும். எண்ணெயும் இரும்புத் தூளும் கிடக்கிற அந்தத் தரையில் யாரும் செருப்பைக் கழற்றுவதில்லை. அவர் கழற்றினார். சிலிண்டரை எடுத்து ஜன்னல் பக்கம் திருப்பிப் பார்த்தார். மெதுவாகக் கீழே வைத்தார்.

"பரவாயில்லை, விடுங்க" என்றார். "தெரியாம நடந்ததுதானே."

நாலு வார்த்தை சுடச்சுட கேட்டிருந்தால் தேவலை என்று பெரியப்பா பல தடவை சொல்லியிருக்கிறார். அந்தப் பரவாயில்லையைத்தான் அவரால் ஜீரணிக்க முடியவில்லை. அத்தான் கிளம்பத் திரும்பியபோது, "இரும்புல ஸ்லீவ் செஞ்சு இறக்கலாம்" என்றார். அதாவது உள்ளே இன்னும் அகலமாகச் சீவி, ஓர் இரும்புக் குழாயைக் கச்சிதமாக நுழைத்து, அதன் உட்சுவரில் பிஸ்டனை ஓடவிடுவது.

அத்தான் நின்றார். "சூடு தாங்குமா? அலுமினியம் ஒரு மாதிரி விரியும், இரும்பு ஒரு மாதிரி விரியும். ஓட்டத்துல பிஸ்டன் சுவரைப் பிடிச்சிக்கிட்டு நின்னுட்டா?"

"தெரியலை மாப்பிள்ளை" என்றார் பெரியப்பா.

பட்டறைக்குள் நின்று அவர் தெரியலை என்று சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. மாப்பிள்ளை என்று சொன்னதும் அதுதான் முதல் தடவை. இரண்டும் ஒரே வாக்கியத்தில் வந்ததால், எதைக் கவனிப்பது என்று அத்தானுக்குப் புரிந்திருக்காது. அவருக்கும் வேறு வழி இல்லை. புது பிஸ்டனைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார்.

அந்த வாரம் முழுக்க பெரியப்பா வேறு எந்த வேலையும் எடுக்கவில்லை. லேத்தில் இரும்பு ஸ்லீவைக் கடைந்தார். அது சிலிண்டருக்குள் இறங்க வேண்டுமென்றால் ஸ்லீவ் குளிர்ந்து சுருங்க வேண்டும், சிலிண்டர் சூடாகி விரிய வேண்டும். ஸ்லீவை வீட்டு ஃப்ரிட்ஜின் ஐஸ் பெட்டியில் வைத்தார். பெரியம்மா என்னைக் கூப்பிட்டு, "பொண்ணு கல்யாணத்துக்கு வராத மனுஷன் இப்ப மருமகனுக்கு ஐஸ் வைக்கிறாரு, வந்து பாரு" என்றார். பெரியப்பாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. அந்த வாரத்தில் அந்த வீட்டில் கேட்ட ஒரே சிரிப்பு அதுதான். சிலிண்டரைத் தெருமுனை ரொட்டிக் கடை அடுப்பில் வைத்துச் சூடேற்றினார். ரொட்டிக் கடைக்காரர் பன் தட்டை நகர்த்தி இடம் கொடுத்தார்.

ஸ்லீவ் இறங்கியது. காற்றும் பெட்ரோலும் வந்துபோகிற வாசல்களை அதில் திறந்து, ஓரங்களில் பிஸ்டனைச் சுற்றியிருக்கிற ரிங் மாட்டிக்கொள்ளாதபடி அரத்தால் வழித்துக் கொடுத்தார். பிஸ்டனுக்கும் சுவருக்கும் நடுவே வழக்கத்தைவிடக் கூடுதலாக இடைவெளி விட்டார். எவ்வளவு கூடுதல் என்பதைத்தான் யாரும் அவருக்குச் சொல்லவில்லை. குத்துமதிப்பாக விட்டார். குத்துமதிப்பு என்ற வார்த்தையே பிடிக்காத மனிதர் அவர்.

கடைசியாகக் காந்தத்தை எடுத்து உள்ளே வைத்தார். ஒட்டியது. "இப்ப மட்டும் ஒட்டுறியா" என்று அதைத் திட்டினார்.

பந்தயத்துக்கு அவரை யாரும் வரச் சொல்லவில்லை, வர வேண்டாம் என்றும் சொல்லவில்லை. போனோம். நான், அவர், வாஷர். ஊருக்கு வெளியே செம்மண் மேடுகளுக்கு நடுவே தடம். ஓரத்தில் கயிறு கட்டி, அதற்கு இந்தப் பக்கம் கூட்டம். ஒலிபெருக்கி இரைந்துகொண்டே இருந்தது. அக்கா ஒரு சின்ன கரும்பலகையும் சாக்பீஸும் வைத்துக்கொண்டு கயிற்றோரம் நின்றாள். ஒவ்வொரு சுற்றிலும் அத்தான் கடக்கும்போது அவர் எத்தனையாவதாக வருகிறார் என்று எழுதிக் காட்டுவாள். ஓட்டுகிறவருக்கு வெளியுலகத்திலிருந்து கிடைக்கிற ஒரே செய்தி அந்தப் பலகைதான். பெரியப்பாவைப் பார்த்ததும் பக்கத்தில் கொஞ்சம் இடம் விட்டாள்.

ஆரம்பத்தில் ஏழு என்று எழுதினாள். பிறகு ஐந்து. பந்தயம் பாதியைத் தாண்டியபோது மூன்று. வாஷர் விசிலடித்தார். அக்கா திரும்பி அப்பாவைப் பார்த்துச் சிரித்தாள். கல்யாணத்துக்கு முன்பு சிரித்த மாதிரியே.

பெரியப்பா சிரிக்கவில்லை. அவர் வண்டியைப் பார்க்கவே இல்லை. தலையைச் சாய்த்து, தரையைப் பார்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். அத்தனை வண்டிகளின் இரைச்சலில் ஒன்றை மட்டும் எப்படிப் பிரித்துக் கேட்டார் என்று எனக்குத் தெரியவில்லை. வண்டி மேடு ஏறும்போது அவருடைய வலது கை, முறுக்கிய ஆக்ஸிலேட்டரைத் தளர்த்துவது போல, மெல்ல மெல்ல முன்னால் திரும்பியது. "விடு" என்று முணுமுணுத்தார். "கையை விடு. இறுக்குது."

"என்னப்பா?" என்றாள் அக்கா.

"சத்தம் இறுகுதும்மா. சூடேறி பிஸ்டன் பிடிக்கப்போகுது. பறக்கிற நேரத்துல பிடிச்சா தூக்கி அடிச்சிடும். நிறுத்தச் சொல்லு."

அக்காவின் முகத்திலிருந்து சிரிப்பு போய்விட்டது. "இன்னும் கொஞ்ச சுத்துதான்ப்பா இருக்கு. மூணாவதா வராரு. நிச்சயமா தெரியுமா?"

"காதுல அப்படித்தான் கேக்குது."

"நிச்சயமான்னு கேக்குறேன்ப்பா. இது அவருக்குக் கடைசி."

பெரியப்பா கயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "போன தடவையும் நிச்சயமாத்தான்மா இருந்தேன்" என்றார்.

வண்டிகள் எதிர் மூலையில் திரும்பிக்கொண்டிருந்தன. அக்கா வாஷரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். எங்களுக்கு எல்லா வண்டியும் ஒரே மாதிரிதான் கேட்டது. அவள் பலகையில் இருந்த மூன்றை உள்ளங்கையால் அழித்தாள். கொஞ்ச நேரம் பலகை காலியாகவே இருந்தது. பிறகு, நிறுத்து என்று எழுதித் தூக்கிப் பிடித்தாள்.

அத்தான் அதைப் பார்த்தார். கடந்துபோன பிறகும் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். அக்காவையா, பக்கத்தில் நின்ற பெரியப்பாவையா என்று தெரியவில்லை. அடுத்த மேட்டில் அவர் பறக்கவில்லை. வேகத்தைக் குறைத்து, தடத்தைவிட்டு ஓரமாக இறங்கி இன்ஜினை அணைத்தார். பின்னால் வந்தவர்கள் ஒவ்வொருவராக அவரைத் தாண்டிப் போனார்கள். அவர் ஹெல்மெட்டைக் கழற்றி டேங்க்கின் மேல் வைத்துக்கொண்டு, கடைசி வண்டி போகும்வரை உட்கார்ந்திருந்தார்.

நாங்கள் போனபோது இன்ஜின் டிக் டிக்கென்று ஆறிக்கொண்டிருந்தது. வாஷர்தான் தன் பெயருக்கேற்ப நடுவில் வந்தார். "சிலிண்டரைக் கழட்டிப் பார்த்தா தெரிஞ்சிடும், பிடிக்க இருந்துச்சா இல்லையான்னு. பிஸ்டன்ல கோடு விழுந்திருக்கும்ல" என்றார்.

அத்தான் வண்டியைத் தள்ள ஆரம்பித்தார். "ஆறட்டும்" என்றார்.

இன்றுவரை அதை யாரும் கழற்றவில்லை. அத்தான் சர்வீஸ் கடை வேலைக்கே போய்வருகிறார். வண்டி அவர்கள் வீட்டுப் பின்பக்கம் தார்ப்பாய்க்குள் நிற்கிறது. அதை ஓட்டுவதுமில்லை, விற்பதுமில்லை.

பெரியப்பா இப்போது மாதத்தில் ஓரிரு ஞாயிற்றுக்கிழமை அங்கே போகிறார். சில நேரம் நானும் கூடப் போவேன். அத்தான், "வாங்க, உட்காருங்க" என்பார். யார் வந்தாலும் சொல்கிற அதே குரல். அக்கா தண்ணீர் கொண்டுவந்து கொடுப்பாள். மழை, பஸ், வேலை என்று கொஞ்சம் பேச்சு நடக்கும். பிறகு பெரியப்பா காலாற நடக்கிறவர்போலப் பின்பக்கம் போவார். போன தடவை காற்றில் தார்ப்பாயின் ஒரு முனை விலகி இன்ஜின் தெரிந்தது. அவர் ஒரு செங்கல்லைத் தேடி எடுத்துவந்து, வண்டியில் கை படாமல், அந்த முனையை இழுத்துப் போர்த்தி அதன்மேல் வைத்தார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் நான் கேட்டே விட்டேன். அத்தானிடம் ஒரு வார்த்தை சொல்லிக் கழற்றிப் பார்த்துவிட்டால் என்ன, இப்படி எத்தனை நாள் தெரியாமலே இருப்பது என்று.

அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். சட்டைப் பையில் காந்தத்தின் வட்டம் புடைத்துத் தெரிந்தது. இப்போதெல்லாம் அது மெஷினில் இருப்பதில்லை.

"கோடு விழுந்திருந்தா என் ஸ்லீவ் சரியில்லைன்னு அர்த்தம். விழலைன்னா என் காது சரியில்லைன்னு அர்த்தம். கழட்டினா ரெண்டுல ஒண்ணு தெரிஞ்சிடும். அதுக்கப்புறம் அந்த வீட்டுக்குள்ள நான் எந்த மூஞ்சியோட போறது?" என்றார். கொஞ்சம் பொறுத்து, "அந்தப் பையனுக்கும் அது தெரியும்" என்றார். "அதான் அவனும் கழட்டாம வெச்சிருக்கான்."